தலைமன்னார்த் துறையும் தகரப் பெட்டியும்

மலையகத்து வீடுகள் பலவற்றிலே கட்டிலுக்கடியில் பழைய தகரப் பெட்டி ஒன்று கிடப்பதை நாம் காண்கிறோம். பண்டாரவளையிலே பிறந்து, கடலையே காணாமல் வளரும் பிள்ளை, "இது எப்படி இங்கே வந்தது?" என்று கேட்டால் என்ன விடை கூறுவது? அவ்விடை மன்னார்த் தீவின் மேற்கு முனையிலுள்ள தலைமன்னாரிலே தொடங்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் முன்னோருட் பெருந்தொகையினர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

1914இல் நிலைமை மாறிற்று. பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அக்கரையில் தனுஷ்கோடி வரையும், இக்கரையில் தலைமன்னார் இறங்குதுறை வரையும் புகையிரதம் ஓடலாயிற்று. இடையிலுள்ள 30 கிலோமீட்டர் அளவான கடலைக் கப்பல் இணைத்தது. சென்னை எழும்பூரில் புறப்பட்டவர் கொழும்புக் கோட்டையில் இறங்க ஒரே பயணச்சீட்டுப் போதுமானதாயிற்று. தோட்டத்துக்கு வந்தவர்களோ மண்டபம் முகாமிலே மருத்துவச் சோதனைக்காகச் சில நாட்கள் தங்கிய பின்னரே கப்பலேற முடிந்தது.

தலைமன்னார் பெரிய பட்டினமன்று. மணலும் பனையும் மீனவர் குடில்களும் நிறைந்த சிற்றூர். ஆயினும் இரண்டு நாடுகளின் தண்டவாளங்களும் அதன் கடலை நோக்கி வந்து முடிந்தமையால், மக்களும் தபாலும் சரக்கும் அதன் வழியே சென்றன. ஓர் ஊரின் பெருமை அதன் பரப்பில் இல்லை. அது எவற்றை இணைக்கிறது என்பதிலேயே இருக்கிறது.

சேர்த்து வைத்த அத்துறையே பின்னர்ப் பிரித்தும் வைத்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மலையக மக்களிற் பெரும்பாலோர் பிரஜாவுரிமை இழந்தனர். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று கணக்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். முதல் ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதங்கள் கழியுமுன்னரே, டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து ஓடியது.

அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று பிளவுபட்ட குடும்பங்கள் எத்தனையோ! புறப்பட்டோரும் வழியனுப்ப வந்தோரும் நிலையத்திலே கதறியழுததனால், அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்ற பெயரே நிலைத்துவிட்டது. மலையிறங்கி, பொல்காவலையும் மதவாச்சியும் கடந்து, தலைமன்னாரிலே அது அவர்களை இறக்கிவிட்டது.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் போரினால் புகையிரதமும் நின்றது. 2015இல் புகையிரதம் மீண்டும் இறங்குதுறை வரை வந்தது. வண்டி வந்து சேர்ந்த துறையிலே அதை எதிர்கொள்ள அந்தப் பழைய கப்பல் இல்லை.

வாசக நேயர்களே! அவ்வழியே வந்தோரை நேரிற் கண்டவர்கள் இன்று நம்மிடையே மிகச் சிலரே. ஒப்பாரிக் கோச்சிக்கு வழியனுப்பச் சென்ற பாட்டிமார் இன்னும் பல இல்லங்களில் இருக்கின்றனர். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அருகில் அமருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் திரும்பிச் சென்றார், கடைசிக் கடிதம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். பெட்டியிலுள்ள பழைய காகிதங்களைக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். அறுந்த உறவொன்றைத் தேடிக் கண்டுபிடிக்க, அதிலுள்ள ஒரு முகவரியே போதுமானதாயிருக்கலாம்.