பேர்ச் கணக்கை விடுங்கள், வீட்டைப் பாருங்கள்



நீளமான பதிவு. வீடு வாங்க இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். விற்க இருப்பவர்களுக்குக் கோபம் வரலாம், பரவாயில்லை.

அண்மையில் ஒரு சகோதரர் ஆலோசனை கேட்டு வந்தார். பன்னிரண்டு வருடம் மத்திய கிழக்கில் உழைத்த காசு கையில் இருக்கிறது. "பழைய வீடு சேர், ஆனா 10 பேர்ச். பேர்ச் 18 லட்சம்படி 180 கேக்கிறாங்க. 175க்குக் கேட்கட்டுமா?"

கூரைக்குள் எட்டிப் பார்த்தீங்களா என்று கேட்டேன். இல்லை. பின்பக்கம் வெட்டியிருக்கும் மண்மேட்டை? இல்லை. உறுதியை? "கிளியர் எண்டு புரோக்கர் சொன்னார்."

கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் ஒரு கிலோ தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள் நாம். ஆயுள் உழைப்பைக் கொட்டும் வீட்டை மட்டும் இருபது நிமிடம் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் விற்ற பேர்ச் விலையால் பெருக்குகிறோம். இதற்குப் பெயர் விலை பேசுவது இல்லை, ஏமாறுவது.

"காணிக்குத்தான் விலை, கட்டடம் சும்மா" என்பார்கள். எந்தக் காணிக்கு 18 லட்சம்? வீதியோரம் சமதரையாகக் கிடக்கும் வெறுங்காணிக்கு. சரிவில் இருக்கும் 10 பேர்ச்சுக்கு அந்த விலை எப்படிப் பொருந்தும்? அதன் மேல் நிற்கும் இடிந்த கட்டடமும் சும்மா வருவதில்லை, செலவோடு வருகிறது.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். உதாரணத்துக்கு, அதே பகுதியில் குடியிருக்கத் தயாரான அதேயளவு வீடு 250 லட்சத்துக்கு உண்மையில் விலைப்பட்டிருக்கிறது என்று வைப்போம். கேட்ட விலை வேண்டாம், விலைப்பட்ட விலைதான் கணக்கு. கூரை, வயரிங், தண்ணீர்க் குழாய், மலசலகூடக் குழி, நிலம் எல்லாம் பார்த்து பாஸ் எழுதித் தந்த எஸ்டிமேட் 80 லட்சம். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எந்தப் பாஸுக்கும் தெரியாது. அதற்கு இன்னொரு கால்வாசி, 20 லட்சம். வேலை முடியும் வரை எட்டு மாத வாடகை 4 லட்சம். ஆக 104 லட்சம். மீதி 146.

அதுவும் முழுசாக விற்பவருக்கு இல்லை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். அதைக் கட்டுவது வாங்குபவர். சட்டத்தரணிக்கு ஒரு வீதம் என்று வைத்தால், நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை சுமார் 139 லட்சம். அது உச்சம். பேச்சைத் தொடங்க வேண்டியது 120, 125இல். அந்தச் சகோதரர் 175 கொடுக்க நின்றார். வித்தியாசம் 36 லட்சம்!

இது மண்ணும் தண்ணீரும் ஒழுங்காக இருந்தால்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நம் கண்டி மாவட்டம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அக்குறணையில் பிங்கா ஓயா அதற்கு முன்பும் எத்தனை தரம் கடைகளுக்குள் வந்தது? ஓயாவை நெருக்கிக் கட்டியது யார்? நாம்தான். ஆனாலும் வெள்ளம் வடிந்து சுவருக்குப் பெயின்ட் அடித்த கையோடு பழைய பேர்ச் விலையையே சொல்கிறோம். சுவரில் ஈரம் ஏறிய உயரத்தை அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். மேட்டு வீடு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ரிட்டேனிங் வோல் கட்ட வேண்டி வந்தால் அந்தச் செலவு விற்பவரின் விலையிலிருந்துதான் கழிய வேண்டும். அபாய இடம் என்று தெரிந்தால் எந்த விலைக்கும் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறது என்று பிள்ளைகளை அங்கே படுக்க வைப்பீர்களா?

அடுத்தது உறுதி. காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்குப் பின்னோக்கித் தேட வையுங்கள். வாப்பா மௌத்தாகிய வீட்டை நானாமார் இருவர் சேர்ந்து விற்கிறார்கள். சகோதரிகள் கையொப்பம் வைத்தார்களா? பங்கு அவர்கள் கைக்குப் போனதா? அதைக் கேட்காமல் வாங்குகிறவர் வழக்கையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். வீதிக்கோட்டுச் சான்றிதழும் எடுங்கள். வீதி அகலிக்கும்போது முன் விறாந்தை போய்விடும் வீட்டுக்கு முழு விலை எதற்கு?

இனி நம் மனச்சாட்சிக்கு. "இன்னொருத்தர் 185 சொல்லிட்டுப் போயிருக்கார்" என்று இல்லாத ஆளைக் காட்டி விலை ஏற்றுவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது அடியில் ஈரம் இருந்த சம்பவத்தை மேடைகளில் அழகாகச் சொல்கிறோம். வெள்ளக் கறையைப் பெயின்டால் மூடுவதும் அதே ஈரம்தானே? வாங்குபவர்களும் சுத்தமில்லை. கடன்பட்டு, நோய்ப்பட்டு விற்கிறவரின் அவசரத்தைப் பார்த்து அடிமாட்டு விலை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் குறைக்கச் சொல்வது வீட்டின் குறையைக் காட்டி, கணக்கைக் காட்டி. மனிதரின் கஷ்டத்தைக் காட்டி அல்ல.

"இப்படிப் பார்த்தால் ஊருக்குள்ளே வீடு வாங்கவே ஏலாது சேர்" என்பீர்கள். நாலு பேர் கணக்குப் பார்க்காமல் கொடுப்பதால்தான் ஐந்தாவது ஆளுக்கு ஏலாமல் போகிறது. ஊர் விலையை ஏற்றியது புரோக்கர் மட்டுமா? நம் வீண் பெருமையும்தான்.

ஆகவே, வீடு பார்க்கப் போகும்போது ஒரு பாஸைக் கூட்டிக்கொண்டு போங்கள். மழை நாளில் இன்னொரு தரம் போங்கள். உச்ச விலையை வீட்டிலேயே ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அதற்கு மேல் போனால் ஸலாம் சொல்லி எழும்புங்கள். உறுதி பார்க்கும் முன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அந்தச் சகோதரர் இன்னும் காசு கொடுக்கவில்லை. இந்த ஞாயிறு பாஸோடு போகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

திட்டுகிறவர்கள் கொமென்ட்டில் திட்டுங்கள். வீடு தேடுகிற ஒருவருக்காவது இதை அனுப்பிவிட்டுத் திட்டுங்கள்.