தலைப்பில் விடுபட்ட இரு சொற்கள்

முன்பெல்லாம் நண்பர்கள் கூடினால் அரசியல் பேசுவோம். எழுபதைத் தாண்டிய பின்னர் குளிசைகளைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் போசாக்குக் குளிசைப் போத்தல்கள் இல்லாத வீடு எங்கள் வட்டாரத்தில் அரிது.

கடந்த மாதம் நண்பர் ஒருவரைப் பார்க்க வைத்தியசாலைக்குச் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர். கால்கள் வீங்கி, மூச்சுவிடச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார். இருதயப் பலவீனத்துக்கு வைத்தியர் எழுதிக்கொடுத்த குளிசைகளை இரண்டு மாதங்களாக நிறுத்திவிட்டு, மகள் அனுப்பிய கோ-என்சைம் கியூ-10 குளிசையை மட்டும் எடுத்து வந்திருக்கிறார்.

"நீர் போட்ட செய்திதானே, ஐசே" என்று, பணப்பையில் மடித்து வைத்திருந்த பத்திரிகை நறுக்கை நீட்டினார். 2014ஆம் ஆண்டுச் செய்தி. 'இருதயப் பலவீனத்தை வெல்லும் குளிசை' என்று தலைப்பிட்டவன் நானே.

செய்தி பொய்யல்ல. உணவைச் சக்தியாக மாற்ற உடற்கலங்களுக்கு உதவும் இப்பொருளை உடலே உற்பத்தி செய்கிறது. 1957இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் மாட்டின் இருதயத்திலிருந்துதான் அதனை முதலில் பிரித்தெடுத்தார்கள். ஓய்வே அறியாத இருதயத் தசையில் அது மிகுதி, முதுமையில் குறைகிறது. 2014இல் வெளியான ஆய்வில், இருதயச் செயலிழப்புள்ள 420 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். வெற்றுக் குளிசை பெற்றவர்களில் 26 சதவீதமானோர் கடுமையான இருதயப் பாதிப்புகளுக்கு உள்ளாகினர். இதைப் பெற்றவர்களில் 15 சதவீதத்தினரே.

ஆனால் அவர்கள் எவரும் வழக்கமான சிகிச்சையைக் கைவிட்டவர்களல்லர். 'மருந்துகளுடன் சேர்த்து' என்ற இரு சொற்கள் செய்தியின் கடைசிப் பந்தியில் இருந்தன. தலைப்பில் இல்லை. இரண்டு பத்தி அகலத்துக்குள் அவை அடங்கவில்லை என்பதே அன்று எனக்கிருந்த காரணம்.

சுவீடனில் 443 முதியவர்களிடம் நடந்த ஆய்வையும் விற்பனையாளர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. கியூ-10உடன் செலீனியமும் நான்கு ஆண்டுகள் கொடுத்தபோது இருதய நோயால் இறந்தோர் 12.6 சதவீதத்திலிருந்து 5.9 சதவீதமாகக் குறைந்தனர். இருதயத்தின் இயக்கமும் மேம்பட்டிருந்தது. சுவீடன் மக்களின் உணவில் செலீனியம் குறைவு என்பதைப் போத்தலின் சிட்டை சொல்லாது. விற்றமின் ஈ-யின் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் அதனை இருதயத்தின் காவலன் என்றார்கள். இரத்தக்குழாய் நோயோ நீரிழிவோ உள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் அவதானித்து 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அதை எடுத்தவர்களிடம் இருதயச் செயலிழப்பு கூடியிருந்ததைக் காட்டியது.

அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய குளிசைகளின் பயனை விற்பனைக்கு முன் எவரும் அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. போத்தலிலுள்ள சொற்களைப் படிக்கும்போது இதை மறக்கலாகாது. எடுப்பவர்கள் வைத்தியரிடம் மறைப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் எடுப்பவரிடம் கியூ-10 அம்மருந்தின் வேகத்தைக் குறைக்கக்கூடும். வைத்தியர் அறிந்திருந்தால்தானே அளவைச் சரிசெய்வார்?

நண்பர் வீடு திரும்பிவிட்டார். வைத்தியரின் அனுமதியுடன் இப்போது இரண்டையும் எடுக்கிறார். அடுத்த பொதியில் என்ன அனுப்பலாம் என்று மகள் தொலைபேசியில் கேட்டபோது, எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கப் பணம் அனுப்பும்படி சொன்னேன். மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருள். காலை தோறும் அவர் சொல்லும் எண்ணை நான் குறித்துக்கொள்கிறேன்.