குமருக்குக் கட்டும் வீடும் கணக்கில் எழுதாத செலவும்

காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஒரு வீதியில் நடந்து பாருங்கள். கம்பிகள் துருப்பிடித்து மேலே நீட்டிக்கொண்டிருக்க, பாதியில் நிற்கும் வீடு ஒன்றாவது கண்ணில் படும். பொருளாதார நெருக்கடியின் மிச்சம் என்று சொல்லிவிட்டு நாம் கடந்து போகிறோம். அது பாதி உண்மைதான்.

2021இன் தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூடை, 2022இல் மூவாயிரத்தைத் தாண்டியது. 8 சதவீதமாக இருந்த வற் வரி அதே ஆண்டில் 12, பிறகு 15 என ஏறி, 2024 ஜனவரியில் 18 ஆனது. சீமெந்து விலை பின்னர் ஓரளவு இறங்கியது. வரி இறங்கவில்லை. இதை எந்தத் தகப்பனும் முன்கூட்டியே கணித்திருக்க முடியாது.

ஆனால் எமது மண்ணும் தண்ணீரும் நேற்று வந்தவையல்ல. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் திட்டில் வாழ்கிறோம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். மாரியில் வாவி பெருகினால் முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை வெள்ளம் வளவில் நிற்கும். எனது தங்கையின் வீட்டுக்குப் போட்ட மதிப்பீட்டில் "அத்திவாரம்" என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது. வளவை உயர்த்தக் கொட்டிய கிறவல், தண்ணீர் இறைத்த மோட்டார், மலசலகூடக் குழி, மின் இணைப்பு, மதில் எதுவும் அதில் இல்லை. உம்மாவின் நகை அடகுக்குப் போனபோதுதான் அவையெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தன.

கையில் காசு முடிந்தால் வேலையை நிறுத்தி, அடுத்த வருடம் தொடரலாம். எம்மால் அது முடிவதில்லை. ஏனெனில் இது சீதன வீடு. நிக்காஹ் திகதி குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் டைல்ஸைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆகவே கட்டார் போன தம்பியின் சம்பளமும், வாப்பாவின் ஓய்வூதியப் பணமும், வட்டிக் கடனும் அந்தச் சுவருக்குள் போகின்றன. இரண்டாவது குமருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

மனைவிக்கு வசிப்பிடம் கொடுப்பது கணவனின் கடமை என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடில்லை. மறுபக்கம், வீடு பெண்ணின் பெயரில் இருப்பது கிழக்கில் எமது பெண்களுக்குப் பெரும் பாதுகாப்பாக இருந்து வந்திருக்கிறது. அதை இழக்கவும் கூடாது. இரண்டையும் காக்க வழி உண்டு. உறுதி பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். பெயருக்குச் சிறு தொகையை மஹராக எழுதுவதை விட்டு, வீட்டின் ஒரு பங்குச் செலவை மாப்பிள்ளை மஹராகக் கொடுக்கட்டும்.

வீடு தொடங்குவோர் மண்ணுக்குக் கீழே போவதையும் கூரைக்குப் பின் வருவதையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். மாரிக்கு முன் அத்திவாரத்தை முடியுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் உலமாக்களும் ஒன்றை மட்டும் ஜும்ஆவில் தெளிவாகச் சொல்லட்டும்: வீடு முடியாததால் ஒரு நிக்காஹ் தள்ளிப்போகக் கூடாது. பூச்சுப் பூசாத சுவருக்குள்ளும் இல்லறம் நடத்தலாம். கடனுக்குள் நடத்துவதுதான் கடினம்.