பழைய லொறிக்கு முதலில் பெயின்ட் அடிக்காதீர்கள்



பழைய லொறியொன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, பாடசாலை விடுமுறைக்குக் குடும்பத்தோடு நுவரெலியா, அறுகம்பே என்று சுற்றிவரும் ஆசை நம் இளைஞர்களிடம் கூடியிருக்கிறது. நல்ல ஆசைதான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழையதைத் திருத்தி ஓட நாம் நன்றாகவே பழகிவிட்டோம்.

நாங்களும் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய எல்ஃப் லொறி வாங்கினோம். மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்த பொடி. வாங்கிய கிழமை முழுக்க எங்கள் பேச்சு என்ன தெரியுமா? என்ன நிறம், எத்தனை லைட், எந்த ஸ்பீக்கர். பெயின்டுக்கு முற்பணமும் கொடுத்தாயிற்று. பிறகுதான் ஓடாவி ஒருவர் வந்து மூலைச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். பிடிவரை உள்ளே போனது. வெளியே தகடு பளபளப்பு, உள்ளே மரம் தூள். கூரை மூட்டால் இறங்கிய மழைத்தண்ணீர் வருடக்கணக்கில் செய்த வேலை அது.

அன்று எங்களுக்கு விளங்கியதைத்தான் சொல்கிறோம். பழைய லொறியில் காசு முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவாக வேண்டும். கூரை மூட்டு, சட்டம், பிரேக், டயர், வயரிங், காஸ். மிஞ்சினால்தான் பெயின்ட்.

டயரின் பூ ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2214 என்றால் 2014ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் செய்தது. வயதான ரப்பர் பாரத்தோடு சூடேறினால் வெடிக்கும். பாரத்தையும் கூட்டிப் பாருங்கள். 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கி மட்டும் 100 கிலோ. அதோடு கட்டில், அலுமாரி, பற்றரி. அத்தனையையும் நுவரெலியா இறக்கத்தில் பிடித்து நிறுத்த வேண்டியது அந்தப் பழைய பிரேக்தான்.

பற்றரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடாமல் வயர் இழுக்க வேண்டாம். வயர் உரசி ஷோர்ட் ஆனால் நெருப்புத்தான்.

எல்.பி. காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் தரையில், பிள்ளைகள் படுக்கும் மட்டத்தில் தேங்கும். ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாது. சிலிண்டருக்கு வெளிப்பக்கம் திறக்கிற தனிப் பெட்டியும், அதன் அடியில் துவாரமும் வேண்டும். 2021 கடைசியில் வீடுகளில் காஸ் வெடித்ததைக் கண்ட நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. குளிருக்குக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டித் தூங்கவே கூடாது. காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்கியவர் எழும்பமாட்டார்.

இன்னொன்று. லொறியின் கட்டமைப்பை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி எடுங்கள். எடுக்காமல் ஓடி விபத்தென்று வந்தால், இன்சூரன்ஸ் கைவிட்டுவிடலாம். ஓடும்போது பின்னால் பிள்ளைகளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகவும் வேண்டாம்.

"இவ்வளவும் பார்த்தால் செலவு தாங்காது, சேர்" என்று தம்பிமார் சொல்கிறார்கள். உண்மைதான். எங்களுக்கும் தாங்கவில்லை. அதனால் ஒரு விடுமுறைப் பயணத்தையே தள்ளிப்போட்டோம். பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். ஸ்பீக்கரை அடுத்த வருடமும் வாங்கலாம்.

எங்கள் லொறி இன்னும் பழைய நிறத்தில்தான் ஓடுகிறது, அங்கங்கே கறளும் தெரிகிறது. மழைக்கு ஒரு சொட்டு உள்ளே வருவதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஊரில் யாராவது இப்படியொரு லொறி வாங்கப் போவதென்றால் காசு கொடுக்க முன் எங்களைக் கூப்பிடுங்கள். ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறோம். ஒரு பிளேன்ரீ போதும்.