அரைக்கை ஆக்குவது யார் வேலை?

கஃப் நைந்துபோன முழுக்கைச் சட்டையை உடனே தரை துடைக்கப் போட்டுவிடுகிறோம். அநியாயம் மக்களே! அப்பாவின் சட்டை ஒன்றை அம்மாவின் தையல் மெஷினில் நானே அரைக்கை ஆக்கினேன்.

வேண்டிய நீளத்தைவிட 1 இஞ்ச் கூட விட்டு வெட்டி, முதலில் கால் இஞ்ச், பிறகு முக்கால் இஞ்ச் உள்பக்கமாக மடித்து இஸ்திரி போட்டால் பாதி வேலை முடிந்தது. முழுக்கை கீழே போகப் போகக் குறுகுமே, அதனால் மடிப்பு இழுக்கும். அந்த ஒரு இஞ்ச்சுக்கு மட்டும் பக்கத் தையலைப் பிரித்துவிட வேண்டும். இது தெரியாமல் ஒரு கையைச் சுருக்கம் சுருக்கமாக அடித்துவைத்தேன் (அதையும் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனார் அப்பா, பாவம்).

பாட்டிக்குத்தான் பிடிக்கவில்லை. "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்குடா இந்த வேலை?" எங்கள் தெருமுனை டெய்லர் யாராம்? காசு வாங்கித் தைத்தால் ஆண் வேலை, வீட்டில் தைத்தால் பெண் வேலையா? பட்டன் அறுந்தாலே அம்மாவைத் தேடும் வகுப்பு நண்பர்களே, உங்களையும்தான் கேட்கிறேன்.