கிளட்ச்சை மிதிப்பது யார்?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மன்றச் செயலாளர் கேட்டார். "எனக்குக் கவிதையெல்லாம் வராதுப்பா" என்றேன். "கவிதை ஏற்கெனவே ஒரு கட்டு சேந்துடுச்சி, நீ வேற எதனா எழுது" என்றார். எனக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். ஆகவே கிளட்ச்சைப் பற்றி எழுதுகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் சாப்பாட்டு நேரத்தில், ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் எங்களுக்குள் ஒரு சண்டை. பிக்கப் வண்டிக்குக் கையால் போடும் கியர் நல்லதா, ஆட்டோமேட்டிக் நல்லதா? பத்துப் பேரில் ஒன்பது பேர் மேனுவல் கட்சி. "ஆட்டோமேட்டிக்லாம் பொம்பளைங்க ஓட்றதுடா. கியர் போட்டு ஓட்னாத்தான் டிரைவரு" என்றான் ஒருவன். எல்லோரும் கை தட்டினார்கள். நம் வகுப்புத் தோழியர் மூவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். (அவர்களில் ஒருவர் மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர். டிராக்டரே ஓட்டுவார்!) அந்தப் பத்தாவது ஆள் நான். அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அன்று சொல்லாததைத்தான் இன்று எழுதுகிறேன்.

என் அப்பா வாடகை வண்டி டிரைவர். வீட்டில் 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன். மலரில் அச்சாகப் போகிறதே என்று அப்பா என்று எழுதுகிறேன். சொந்த வண்டி கிடையாது. முதலாளி வண்டியில் இருபது வருடங்களுக்கு மேலாக ஓட்டுகிறார். முதலில் குட்டி யானை. 2005ல் டாட்டா ஏஸ் வந்ததே, 702 சி.சி., இரண்டே சிலிண்டர், அதற்கு நம் ஜனங்கள் வைத்த பெயர்தான் குட்டி யானை. இப்போது அதைவிடப் பெரிய டீசல் பிக்கப். ராத்திரி இரண்டு மணிக்குக் காசிமேட்டில் மீன் லோடு, ஐஸ் பெட்டிகளோடு. விடிந்ததும் ஊருக்குள் இறக்கிவிட்டு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ஏதாவது கம்பெனி லோடு. இடது முட்டி வீங்கிப் போய் வருவார். அம்மா ஒத்தடம் கொடுப்பார்கள். டாக்டர் ஒருவர், "கிளட்ச் மிதிக்கிறதைக் கொஞ்சம் குறைங்க" என்று சொல்லியனுப்பினார். நல்ல யோசனைதான்! குறைத்துக்கொண்டு எப்படி வண்டி ஓட்டுவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

போன செமஸ்டர் லீவில் அப்பாவோடு ஒரு நாள் வண்டியில் போனேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுகத்துக்குள் போக ஜீரோ கேட்டை நோக்கி கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நம் பகுதிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிற்கும் டிரெய்லருக்கும் எதிரே வரும் டிரெய்லருக்கும் நடுவில் கிடைத்த சந்தில் அப்பா வண்டியை நகர்த்துகிறார். மிதி, ஃபர்ஸ்ட் கியர், ஆஃப் கிளட்ச், பத்தடி. மிதி, நியூட்ரல், பிரேக். மறுபடியும் மிதி. நான் நோட்டில் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். டோல்கேட் வருவதற்குள் நூறு கோடு ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டேன். அப்பா கேட்டார்: "இன்னாடா, பரிச்சைக்குப் படிக்கிறியா?"

அப்புறம் எர்ணாவூர் மேம்பாலம். ஏற்றத்தில் லோடோடு நின்று நின்று ஏற வேண்டும். கிளட்ச் பிளேட் காயும் வாசனை உள்ளே வந்தது. அந்த வாசனை வந்த இடத்தில்தான், நண்பர்களே, டார்க் கன்வர்ட்டர் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. மார்க்குக்காக அதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். பம்ப், டர்பைன், நடுவில் ஸ்டேட்டர் என்று படமும் போட்டுவிடுவேன். ஆனால் அது எதற்கு என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உராயும் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெய். வண்டி நிற்கும்போது எண்ணெய் மட்டும் சுழலும். கிளம்பும்போது அந்த எண்ணெயே டார்க்கை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தள்ளும். மேம்பாலத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தால் போதும். வீணாகும் சக்தி எண்ணெயில் சூடாகப் போகிறது. அதற்குக் கூலர் வைக்க வேண்டும், டீசலும் கொஞ்சம் கூடச் செலவாகும். எந்த வண்டியிலும் சும்மா கிடைப்பது ஒன்றும் இல்லை.

இது புதிய சரக்கும் அல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஹைட்ராமேட்டிக் என்ற தானியங்கி கியர் பாக்ஸை 1939லேயே ஓல்ட்ஸ்மொபைல் காருக்குக் கொண்டுவந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் எம்5 டாங்கியில் அதையே பொருத்தினார்கள். டாங்கி ஓட்டினவனை யாரும் 'டிரைவர் இல்லை' என்று சொல்லவில்லை! இன்று அந்த நாட்டில் விற்கும் பிக்கப்களில் கிளட்ச் பெடல் உள்ள வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நம் நாட்டில் ஆட்டோமேட்டிக் பிக்கப் இல்லையா? இருக்கிறது. நம்மூரிலிருந்து வடக்கே போய் ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. அங்கே 2016ல் திறந்த தொழிற்சாலையில் இசுசு பிக்கப் செய்கிறார்கள். அவர்களுடைய வி-கிராஸ் ஆட்டோமேட்டிக்கில் கிடைக்கும். 2022ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸிலும் உண்டு. ஹைலக்ஸில் ஒரு வேடிக்கை பாருங்கள். எஞ்சின் ஒன்றே, 2.8 லிட்டர் டீசல். மேனுவல் கியர் பாக்ஸோடு 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கோடு 500 என்று கம்பெனியே அச்சடித்துக் கொடுக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் இழுவை குறைவு என்று டீக்கடையில் சத்தியம் செய்கிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் அந்த ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கின் விலை முப்பது லட்சத்துக்கு மேல். அதில் யார் மீன் பெட்டி ஏற்றுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் ஜாலியாகப் போகிறவருக்குக் கிளட்ச் கிடையாது. தினம் பதினாலு மணி நேரம் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஊர்ந்து போகிறவருக்குக் கிளட்ச்! குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப்... நம் பகுதியில் டீசல் போட்டு லோடு அடிக்கும் எந்த வண்டியின் கதவைத் திறந்து நான் எட்டிப் பார்த்தாலும் கீழே மூன்று பெடல்தான். 1948ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, ஆஸ்டின் கார்களைக் கோத்து, 1955ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனி நம் எண்ணூரில்தான் இருக்கிறது. அதன் வாசல் வழியே போகிற டிரைவரின் இடது கால் மட்டும் அன்று போலவே இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இப்படி? என் கருத்து இதுதான். வண்டி வாங்குகிறவர் வேறு, கிளட்ச்சை மிதிக்கிறவர் வேறு. முதலாளி வண்டி வாங்கும்போது விலை பார்ப்பார், மைலேஜ் பார்ப்பார், பார்ட்ஸ் கிடைக்குமா, திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பார். எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. டிரைவரின் முட்டிக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. அந்தச் செலவு எங்கள் வீட்டில் அம்மாவின் ஒத்தடத்தில் போய்ச் சேருகிறது.

மேனுவல் கட்சிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் மாமாவிடம் கேட்டேன். "கெளட்ச் பிளேட்டு போச்சின்னா காலைல வுட்டு சாயங்காலம் எடுத்துனு போலாம். ஆட்டோமேட்டிக் பாக்ஸு போச்சின்னா? நான் தொட மாட்டேன் கண்ணு. கம்பெனிக்குத்தான் வுடணும்" என்றார். வண்டி ஒரு வாரம் நின்றால் அந்த வாரம் சோறு இல்லை. டியூ மட்டும் நிற்காது. இன்னொன்றும் சொன்னார். மீன் தண்ணி. உப்பும் ஐஸ் தண்ணியும் சொட்டிச் சொட்டி சேசிஸையே தின்றுவிடுகிறது. சென்சார், ஒயர், கனெக்டர் எல்லாம் எத்தனை நாள் தாங்கும்? இந்தக் கேள்விக்கு நம் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. அவர் சட்டையில் இருக்கிற கிரீஸுக்கு நான் மரியாதை கொடுக்கிறேன்.

நடுவில் ஏ.எம்.டி. என்று ஒன்று இருக்கிறது. 2014ல் மாருதி செலேரியோ காரில் வந்து பிரபலமானது. பழைய கியர் பாக்ஸேதான், பழைய கிளட்ச்சேதான். மிதிப்பதற்குக் காலுக்குப் பதில் ஒரு ஆக்சுவேட்டர். விலை அதிகம் ஏறாது. கால் பிழைக்கும், பிளேட் பிழைக்காது. மேம்பாலத்தில் அதே வாசனை வரும். இருந்தாலும் பிளேட்டுக்குக் கடையில் மாற்று உண்டே! லோடு வண்டிக்கு இதையாவது கொடுக்கலாம் என்பது என் வாதம்.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். அதனால் நான் பேசினால் பொறுமையாகக் கேட்பார். கேட்டுவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"எல்லாம் சரிடா. கியரே இல்லன்னா எவன் வேணா வந்து ஒக்காந்து ஓட்டுவான். அப்புறம் எனக்கு இன்னாத்துக்குக் கூலி? நான் கத்துக்கினு வந்ததே இது ஒண்ணுதான்."

எனக்குப் பேச்சு வரவில்லை. முட்டியை வீங்க வைக்கும் அதே பெடல்தான் அவருடைய சர்டிஃபிகேட்! ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் கை தட்டிய நண்பர்கள் சொன்னதும் இவர் சொன்னதும் ஒரே வார்த்தை போலத் தோன்றும். இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் பெருமைக்குச் சொன்னார்கள், இவர் பயத்தில் சொல்கிறார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்பாவிடம் மறுபடி போனேன். காசிமேட்டில் கூட்டத்துக்கு நடுவே, வழுக்கும் தரையில், ஒரு கூடையையும் இடிக்காமல் ரிவர்ஸில் ஐஸ் மெஷின் வரைக்கும் போகிறீர்களே, அது கிளட்ச்சிலா இருக்கிறது? எந்தப் பெட்டியை முன்னால் வைத்தால் முன் சக்கரம் தூக்காது என்று தெரிகிறதே, அது எந்தப் பெடலில் இருக்கிறது? என்று கேட்டேன். "போடா, படிச்சவன் மாதிரி பேசாத" என்றார். ஆனால் சிரித்தார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. அப்பா சொந்தமாக வண்டி எடுக்கப் போகிறார். ஃபைனான்ஸ் பேசியாகிவிட்டது. இனிமேல் வாங்குகிறவரும் மிதிக்கிறவரும் ஒருவரே. பழைய டீசல் பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பட்டறை மாமா அதற்கு ஓட்டு. நான் சொல்வது மின்சாரக் குட்டி யானை. டாட்டா ஏஸ் ஈ.வி. 2022ல் அறிமுகமானது. 27 கிலோவாட் மோட்டார், 130 நியூட்டன் மீட்டர், 600 கிலோ லோடு. 2024ல் ஒரு டன் ஏற்றுகிற மாதிரியும் வந்துவிட்டது. மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு டார்க்கும் தருவதால் கியர் மாற்றும் வேலையே இல்லை. நூறு வருடமாக நடந்த மேனுவல், ஆட்டோமேட்டிக் சண்டையை அது கியர் பாக்ஸையே தூக்கிப் போட்டு முடித்துவிட்டது! 2025 ஜூன் 30 அன்று நம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பினவே, அந்த டிரைவர்களுக்கும் கிளட்ச் இல்லை. அவர்கள் கூலி குறைந்துவிட்டதா என்று அப்பாவைக் கேட்டேன். "அவங்க கவர்மென்ட்டு வண்டிடா" என்றார். 

சார்ஜ் எங்கே போடுவது என்பதுதான் இப்போது பிரச்சினை. எங்கள் சந்தில் சைக்கிள் நுழைந்தால் பெரிது. வண்டி மெயின் ரோட்டில்தான் நிற்கும். "மாடி வூட்டு பிளக்குலர்ந்து ஒயரு வுடுவியா?" என்று அப்பா கேட்கிறார். ஐஸ் ஃபேக்டரி ஷெட்டில் ராத்திரி நிறுத்த இடம் கேட்டிருக்கிறோம். தனி மீட்டர் வைத்துக் காசு கட்டுவதாகவும் சொல்லியிருக்கிறோம். பதில் வரவில்லை.

போன வாரம் ஷோரூமில் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தமே இல்லாமல் வண்டி நகர்ந்ததும் அப்பா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். சிக்னலில் நின்றோம், கிளம்பினோம், ஒரு டிரெய்லருக்குப் பின்னால் ஊர்ந்தோம். நான் கீழே பார்த்தேன். ஒவ்வொரு தடவை வண்டி நிற்கும்போதும், ஒன்றுமே இல்லாத இடத்தில், அப்பாவின் இடது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.