குறி ரத்தத்தில் இல்லை, பி.டி. பீரியடில் இருக்கிறது



வளரி பற்றிய ஒரு வீடியோ நம் குரூப்பில் ஒரு வாரமாகச் சுற்றுகிறது. குறி தவறாமை தமிழன் ரத்தத்திலேயே இருக்கிறதாம். அதற்குப் பத்துப் பேர் கைதட்டியிருக்கிறீர்கள்.

பெருமைப்படுங்கள். ஆனால் ரத்தம் என்ற சொல்லை நான் ஏற்க மாட்டேன். கம்பெனிப் படையிலிருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில், தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் அது நூறு கெஜத்துக்குள் குறி தப்பாது என்றும் சொல்கிறார். பின்னர் 1801-ல் அதே கம்பெனி சின்ன மருதுவைத் தூக்கிலிட்டது. வெல்ஷ் உடம்பில் தமிழ் ரத்தமா ஓடியது? பழகினால் வரும் வித்தை என்று தெரிந்ததால்தானே ஒரு வெள்ளைக்காரருக்கும் சின்ன மருது கற்றுக் கொடுத்தார்!

டார்ட்ஸ் விளையாட்டைப் பாருங்கள். 2025 ஜனவரியில் லூக் லிட்லர் 17 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். பிறவி மேதை என்கிறார்கள். அந்தப் பையன் ஒன்றரை வயதிலேயே காந்தப் பலகையில் எறியத் தொடங்கியவன் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

பலகையின் நடுப்புள்ளி 1.73 மீட்டர் உயரம். எறிபவர் நிற்பது 2.37 மீட்டர் தள்ளி. 20-க்கு இரு பக்கமும் 5-ம் 1-ம். கொஞ்சம் பிசகினால் தண்டனை. இதில் "நல்லாக் குறி பாருடா" என்று கத்திப் பயனில்லை. தினமும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கால் வைத்து நிற்க வேண்டும். பிடி மாறக் கூடாது. தோளும் உடம்பும் ஆடாமல், முழங்கையிலிருந்து கை நீள வேண்டும். விட்ட பிறகும் கை குறியை நோக்கியே நீண்டு நிற்க வேண்டும். அவசரப்பட்டு மடக்கக் கூடாது.

முக்கியமான ஒன்று. மூன்று அம்பும் இடது பக்கம் ஒரே இடத்தில் விழுந்தால் பயப்படாதீர்கள். ஒரே மாதிரி தவறுகிற பிள்ளையைத் திருத்திவிடலாம். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி தவறுகிற பிள்ளைக்குத்தான் முதலில் நிதானம் பழக்க வேண்டும். கணக்கு நோட்டிலும் இதே கதைதான்.

கூர்மையான அம்பு இல்லாமலே இதைப் பழக்கலாம். சுவரில் சாக்பீஸ் வட்டம், ஒரு டென்னிஸ் பந்து போதும். இல்லாதது நேரம்தான். டைம்டேபிளில் பி.டி. என்று எழுதியிருக்கும், வகுப்பில் கணக்கு நடக்கும். போர்ஷன் முடியவில்லை என்பார்கள். விளையாடினால் மார்க் கூடும் என்று சொல்லி நான் விளையாட்டை விற்க மாட்டேன். அந்த நாற்பது நிமிடம் பிள்ளையுடையது. எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை, அவ்வளவுதான்.

நினைத்தாலே முக்தி தரும் ஊர் நம் ஊர். ஆனால் இங்கேயும் கிரிவலம் என்றால் 14 கிலோமீட்டரையும் நடந்துதான் ஆக வேண்டும். எறியாமல் குறி வராது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். கடன் வாங்கிய பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். பெற்றோராக இருப்பவர்கள், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் கேட்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "பி.டி. பீரியட் இந்த வாரம் நடந்ததா?"

பதிலை இங்கே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடனும் ஆசியுடனும்,
உங்கள் ஆசிரியர், திருவண்ணாமலை